அப்பாவின் மாஸ்க் ஏன் மூன்று மணிக்குக் கசிகிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 61. தூக்கத்தில் மணிக்கு 42 முறை மூச்சு தடைப்படுவதாகப் பரிசோதனையில் தெரிந்து, மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும் சிபேப் இயந்திரம் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அழுத்தம் 6 முதல் 16 வரை தானாக மாறும்படி வைத்திருக்கிறார்கள். கடையில் கொடுத்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ஃபுல் ஃபேஸ் மாஸ்க். படுக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு, மூன்று மணிக்கு மேல் உஸ்ஸென்று காற்று கண்ணில் அடிக்கிறது. தலைப் பட்டைகளை இறுக்கி இறுக்கி மூக்குத் தண்டில் புண்ணாகிவிட்டது. அப்பாவுக்குப் பெரிய மீசை. இரவில் பல்செட்டைக் கழற்றி வைத்துவிடுவார். அடுத்து எந்த மாஸ்க் வாங்கலாம் என்பது கேள்வி.

தம்பி, வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இன்று இரவு அந்தப் பட்டைகளைத் தளர்த்துங்கள்.

நான் மதுரையில் ஓர் உறக்கப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இரவெல்லாம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்தவர் தூங்குவதைப் பார்க்கிற பிழைப்பு. நான்கு ஆண்டுகளாக நானும் மாஸ்க் போட்டுத்தான் தூங்குகிறேன்; என்ன, வேலை முடிந்து வந்து காலை ஒன்பது மணிக்குப் போடுகிறேன். மாட்டிவிடுகிறவனாகவும் மாட்டிக்கொள்கிறவனாகவும் இருந்ததில் ஒன்று தெரிந்தது: கசிவைப் பட்டையை இறுக்கி நிறுத்தியவர்களைவிட, இறுக்கியே அதிகமாக்கிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

மாஸ்க்கின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். முகத்தில் படுகிற மடல் வெங்காயத் தோல்போல மெல்லியது. அதற்கு அடியில் தாங்குவதற்குச் சற்றுக் கெட்டியான இன்னொரு சிலிக்கான் சுவர். இயந்திரத்தின் காற்று உள்ளே நிறையும்போது அந்த மெல்லிய மடல் உப்பி, தோலின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்ட வைப்பது காற்று. பட்டை அதை இடத்தில் நிறுத்தி வைப்பதோடு சரி. நாம் பட்டையை இழுத்துக் கட்டினால் மடல் நசுங்கி எங்காவது ஓரிடத்தில் மடிந்துகொள்ளும். அந்த மடிப்பின் வழியாகக் காற்று பீறிடும். பீறிடுகிறதே என்று இன்னும் இழுப்போம். கெட்டியான சுவர் மூக்குத் தண்டில் போய் உட்காரும். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே கிடையாது. உங்கள் அப்பாவின் புண் வந்த வழி இதுதான். அவருக்குச் சர்க்கரை இருந்தால் அந்தப் புண்ணை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆறும்வரை அதன்மேல் எதுவும் அழுத்தக் கூடாது.

சரி, பத்து மணிக்கு ஒழுங்காக இருந்தது மூன்று மணிக்கு ஏன் கசிகிறது? கனவு வருகிற உறக்கம் இரவின் பின்பாதியில்தான் நீளம். அப்போது உடம்பின் தசைகள் ஏறக்குறைய துவண்டுவிடும். தொண்டையும் அதிகம் மூடும், மல்லாந்து படுத்திருந்தால் இன்னும் மோசம். தானாக மாறும் இயந்திரம் இதைக் கண்டுபிடித்து அழுத்தத்தை ஏற்றுகிறது. அப்பா படுக்கும்போது 6 அல்லது 7இல் இருந்தது அப்போது 13, 14க்குப் போயிருக்கலாம். இந்த எண்களைக் கண்டு மிரள வேண்டாம். 12 என்றால் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் கொடுக்கிற அழுத்தம், ஒரு பெரிய டம்ளர் தண்ணீர்தான். ஆனால் 6க்குப் பொருத்திய மாஸ்க் 14ஐத் தாங்காது. போதாததற்கு, கன்னமும் தாடையும் தளர்ந்து முகத்தின் வடிவமே சற்று மாறியிருக்கும். மாஸ்க்கை அந்த முகத்துக்குத்தான் பொருத்த வேண்டும், விழித்திருக்கிற முகத்துக்கு அல்ல.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். அப்பா வழக்கமாகப் படுக்கும் இடத்தில், தன் தலையணையில், தான் தூங்குகிற பக்கமாகச் சாய்ந்து படுக்கட்டும். பட்டைகள் எல்லாம் தொளதொளவென்று இருக்கட்டும். இயந்திரத்தை இயக்குங்கள். சில இயந்திரங்களில் ‘மாஸ்க் ஃபிட்’ என்றொரு வசதி இருக்கும். அதைத் தொட்டால் சிறிது நேரத்துக்குக் காற்று கூடுதல் அழுத்தத்தில் வரும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இப்போது மாஸ்க்கை முகத்திலிருந்து விரற்கடை அளவு முன்னால் இழுத்து, மடல் உப்பிய பிறகு மெல்ல முகத்தில் உட்கார வையுங்கள். பாதிக் கசிவு இதிலேயே நின்றுவிடும். பிறகு கீழ்ப் பட்டைகள் இரண்டையும் ஒரே அளவாக, அடுத்து மேல் பட்டைகள் இரண்டையும் ஒரே அளவாக, சத்தம் அடங்குகிற வரைக்கும் மட்டும் இழுங்கள். அடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். காலையில் கன்னத்தில் கோடு விழுந்திருந்தால் இறுக்கம் அதிகம் என்று பொருள்.

கண்ணில் அடிக்கிற காற்றுக்கு எல்லாரும் மேல் பட்டையைத்தான் இழுப்பார்கள். பல நேரம் குற்றவாளி கீழ்ப் பட்டை. தாடைப் பக்கம் அதிகமாக இழுத்தால், தராசுத் தட்டு ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் எழுவதுபோல மாஸ்க்கின் மேல்பகுதி முகத்தைவிட்டு எழும்பும். இன்னொரு காரணம் அளவு. பெரிய முகம் என்பதால் பெரிய மாஸ்க் என்று கொடுத்துவிடுகிறார்கள். ஃபுல் ஃபேஸ் மாஸ்க்குக்கு அளவு பார்ப்பது, மூக்குத் தண்டிலிருந்து, வாய் லேசாகத் திறந்த நிலையில் கீழுதட்டுக்குச் சற்றுக் கீழ்வரை. தலை பெரிதா, கன்னம் அகலமா என்பது கணக்கில் வராது. கண்ணுக்குக் காற்று போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண் உலர்ந்து சிவந்துவிடும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மாஸ்க் மாட்டும்போது நான் இதை முதலில் பார்ப்பேன்.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் மாஸ்க்கை நானே ஏமாந்துதான் வாங்கினேன். அன்றைக்கு நான் அடுத்தவருக்கு மாட்டுவதில் ஏழு ஆண்டு அனுபவசாலி! நாற்காலியில் உட்கார வைத்து, காற்றே இல்லாமல், முகத்தில் வைத்துக் காட்டி, "சார், கச்சிதமாக இருக்கிறது" என்றார் கடைக்காரர். கச்சிதமாகத்தான் இருந்தது, செருப்புக்கு அளவு பார்ப்பதுபோல. வீட்டில் படுத்த பத்தாவது நிமிடம் தெரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். ஆகவே, படுத்துப் பார்க்க ஒரு கட்டில், காற்றோடு பதினைந்து நிமிடம், பொருந்தாவிட்டால் அளவை மாற்றித் தருவதாக ஒரு வாய்ச்சொல், இந்த மூன்றும் கிடைக்காத இடத்தில் பல ஆயிரம் ரூபாயை நீட்டாதீர்கள்.

எல்லாக் கசிவும் கசிவு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாஸ்க்கின் முன்புறத்திலோ குழாய் சேரும் முழங்கை போன்ற வளைவிலோ பொடிப் பொடியாகத் துளைகள் இருக்கும். நாம் வெளிவிடுகிற மூச்சு அந்த வழியாகத்தான் போகிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் மறுபரிசோதனைக்கு வந்தார். காலையில் தலைவலி, மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்றார். பையிலிருந்து மாஸ்க்கை எடுத்தால், துளைகளின் மேல் வெள்ளை பிளாஸ்திரி, நான்கு துண்டு, ஓரம் பிசிறில்லாமல் கத்தரித்து ஒட்டியிருந்தது. "காற்று வீணாகப் போகுதுன்னு மருமகப்பிள்ளைதான் ஒட்டினாரு" என்றார், பெருமையாக. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தத் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது. எது வேண்டிய காற்று, எது வேண்டாத காற்று என்று பார்க்க ஈரக் கையை மாஸ்க்கின் விளிம்பைச் சுற்றி நகர்த்துங்கள். விளிம்பில் குளிர்ந்தால்தான் கசிவு.

இயந்திரம் காட்டுகிற கசிவு எண்ணையும் பாருங்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ரெஸ்மெட் நிறுவனத்தின் இயந்திரம் துளைகளின் காற்றைக் கழித்துவிட்டு மீதியைத்தான் காட்டும். அது நிமிடத்துக்கு 24 லிட்டருக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. இரண்டையும் சேர்த்துக் காட்டுகிற இயந்திரங்களும் உண்டு. அதில் 35 என்று வந்தாலும் பதறத் தேவையில்லை. பூஜ்யம் வர வேண்டும் என்று இரவெல்லாம் போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கசிவு நின்றது, தூக்கமும் நின்றது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் கருத்து, அப்பாவுக்கு ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கே தேவையில்லாமல் இருக்கலாம். குறட்டை விடுகிறவர் வாயைத் திறந்து தூங்குவார், அதனால் வாயையும் மூட வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். தொண்டை அடைபட்டதால் வாய் திறந்தவர்களில் பலருக்கு, காற்று தொண்டையைத் திறந்ததும் வாய் தானே மூடிக்கொள்கிறது. வாயையும் மூடுகிற மாஸ்க் சுற்றளவில் பெரியது. கசிய இடம் அதிகம். தாடையைப் பின்னுக்குத் தள்ளுவதால் அதே நோயாளிக்குக் கூடுதல் அழுத்தமும் தேவைப்படலாம். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மூக்கை மட்டும் மூடுவதையோ நாசித்துளையில் பொருந்துவதையோதான் முதலில் பார்க்கச் சொல்கிறது. இந்தச் சிகிச்சையே மூக்கு வழியாகத்தான் பிறந்தது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் தொடங்கி, 1981இல் லான்செட் மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். மூக்கு வழியாகச் செலுத்திய காற்றிலேயே ஐந்து பேருக்கும் தொண்டை திறந்தது. ஆரம்ப நாட்களில் ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்சு எடுத்து மாஸ்க் செய்து, இரவுதோறும் சிலிக்கான் பசையால் ஒட்டினார்கள். அதை நினைத்தால் நம் பட்டைப் பிரச்சினை பரவாயில்லை என்று தோன்றும்.

மூக்கு மாஸ்க்குக்கு மூக்கு ஒத்துழைக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். குளிர்ந்த எவர்சில்வர் தட்டை அப்பாவின் மூக்குக்குக் கீழே படுக்கை வாட்டில் பிடித்து, வாயை மூடி மூச்சு விடச் சொல்லுங்கள். இரண்டு பனித்திட்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் படிந்தால் நல்லது. ஒரு பக்கம் ரூபாய் அளவு, மறுபக்கம் மிளகு அளவு என்றால், வேறு வேறு நேரத்தில் இரண்டு மூன்று நாள் பாருங்கள். மூக்கு இயல்பாகவே பக்கம் மாற்றி மாற்றி அடைத்துக்கொள்ளும். எப்போதும் ஒரே பக்கம்தான் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பிறகு மாஸ்க் வாங்குங்கள். வளைந்த மூக்குத் தடுப்பையும் ஒவ்வாமை வீக்கத்தையும் எந்த மாஸ்க்காலும் சரிசெய்ய முடியாது.

மீசை விஷயத்துக்கு வருவோம். மீசையை எடுக்கச் சொன்னால் அப்பா மீசையை வைத்துக்கொண்டு இயந்திரத்தை எடுத்துவிடுவார். எங்கள் ஊர் ஆட்களை எனக்குத் தெரியும். ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கின் விளிம்பு வாய்க்கு வெளியே போவதால் மீசையின் நடுப்பகுதி உள்ளேயே அடங்கிவிடும். முறுக்கிவிட்ட நுனிகள்தான் விளிம்பின் அடியில் சிக்கும். சாதாரண மூக்கு மாஸ்க்கின் கீழ்விளிம்போ மேலுதட்டில், சரியாக மீசையின் மேல் உட்காருகிறது. அது அப்பாவுக்கு ஆகாது. நேசல் பில்லோ என்று ஒன்று இருக்கிறது. இரண்டு சிறிய சிலிக்கான் குமிழ்கள் நாசித்துளை வாயில் பொருந்தும். மீசையைத் தொடாது, மூக்குத் தண்டையும் தொடாது. புண் ஆறுவதற்கும் அதுதான் வழி. மேலூரிலிருந்து வரும் ஒரு விவசாயி, அப்பாவைவிடப் பெரிய மீசை, பில்லோவில் ஆறு ஆண்டு ஓட்டிவிட்டார். ஆனால் அழுத்தம் 14, 15க்கு மேல் நெடுநேரம் நின்றால் சிலருக்கு நாசி எரியும். இயந்திரத்தின் நினைவக அட்டையில் பதிவான அழுத்த விவரத்தோடு மருத்துவரைப் பார்த்து, 6 முதல் 16 என்ற அகலம் தேவைதானா என்று கேளுங்கள். நீங்களாக எண்ணை மாற்ற வேண்டாம்.

பல்செட்டைக் கழற்றியதும் கன்னம் உள்வாங்கி, தாடை மேலேறிவிடும். பகலில் பல்லோடு அளவெடுத்த ஃபுல் ஃபேஸ் மாஸ்க் இரவில் பல்லில்லாத முகத்தில் எப்படிப் பொருந்தும்? அப்பாவின் கசிவில் இதற்கும் பெரிய பங்கு இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். நாசித்துளையில் பொருந்துவதற்குக் கன்னத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

அம்மாவுக்கோ அத்தைக்கோ கேட்டுப் படிக்கிறவர்களுக்காக ஒன்று: மூக்குத்தி. கழற்ற முடியாது என்பார்கள். கழற்றச் சொல்லி நானும் வற்புறுத்துவதில்லை. பில்லோவின் குமிழ் உள்ளே இருக்கும் திருகாணியில் இடித்துப் புண்ணாக்கும். மூக்கு மாஸ்க்கின் விளிம்பு சிலருக்குக் கல்லின் மேலேயே உட்காரும். மூக்குக்கு அடியில் தொட்டில்போல ஏந்திக்கொள்கிற வகை இருக்கிறது, துளைக்குள் எதுவும் நுழையாது. எட்டுக்கல் பேசரி போட்ட ஒரு பாட்டிக்கு அதுதான் ஒத்துவந்தது.

அப்புறம் எண்ணெய். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த இரவில் கசிவு எண் ஏறுவதை என் கணக்கிலேயே பார்த்திருக்கிறேன். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிக்கான் வழுக்கும், நாளடைவில் தளர்ந்தும் போகும். படுக்குமுன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். விபூதி, பவுடர், புண்ணுக்குப் பூசும் களிம்பு எல்லாம் விளிம்பு படாத இடத்தோடு நிற்கட்டும். அக்கினி நட்சத்திரத்தில் வியர்வை வேறு. பழைய வேட்டித் துணியில் விளிம்பின் வடிவத்துக்கு வளையம்போல வெட்டி இடையில் வைத்துக்கொள்கிறார்கள் சிலர். கசிவு துளி கூடினாலும் தோல் காய்ந்து இருக்கும். மூச்சு வெளியேறும் துளைகளைத் துணி மறைக்கக் கூடாது. துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டிதான் இதற்கு ஏற்றது, புதுத் துணி விறைக்கும்.

தலையணையை யாரும் சந்தேகிப்பதில்லை. போடிப் பக்கத்து இலவம்பஞ்சைக் கெட்டியாக அடைத்த தலையணை என்றால், ஒருக்களித்ததும் அது மாஸ்க்கைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஒரு மூலையில் தையலைப் பிரித்து இரண்டு கைப்பிடி பஞ்சை எடுத்துவிட்டுத் தைத்துவிடுங்கள். மாஸ்க் தலையணையில் இடிக்காமல் இருக்க ஒரு பள்ளம் கிடைக்கும். குழாயின் எடையும் மாஸ்க்கை இழுக்கும். கொசுவலைக் கயிற்றில் துணிக் கிளிப் போட்டுக் குழாயைத் தொங்கவிட்டால் அப்பா புரண்டாலும் கூடவே வரும். மின்சாரம் போனால் மூச்சு முட்டுமோ என்று பயந்து தொளதொளப்பாகப் போடுகிறவர்களும் உண்டு. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் காற்று நின்றதும் திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது. மூக்கு வகைகளில் வாய் இருக்கவே இருக்கிறது.

சிலிக்கான் பகுதியை தினமும் காலையில் குழந்தைச் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெட்டால், ஸ்பிரிட், மொட்டை மாடி வெயில் மூன்றும் வேண்டாம். ஈரப்பதப் பெட்டிக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் வெள்ளைப் படலம் படியும். காய்ச்சி வடித்த நீர்தான் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்ற வேண்டும். மடல் மஞ்சளித்து, கிள்ளினால் பழைய நிலைக்குத் திரும்பாமல் துவண்டு கிடந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். முழு மாஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை, குஷன் தனியாகக் கிடைக்கும்.

வாங்குமுன் இன்னொன்று. சில மாஸ்க்குகளின் பட்டை காந்தக் கொக்கியால் மாட்டுவது. அப்பாவுக்கோ, பக்கத்தில் படுக்கிற அம்மாவுக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருந்தால் அது கூடாது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் தயாரிப்பு நிறுவனங்களே இதை எச்சரித்து, கருவிக்கும் காந்தத்துக்கும் ஆறு அங்குல இடைவெளி வேண்டும் என்று அறிவித்தன. உறக்கத்தில் அங்குலம் யார் அளப்பது? காந்தம் இல்லாததை வாங்கிவிடுங்கள்.

ஆக, இன்று இரவு பட்டையைத் தளர்த்தி, படுத்த நிலையில் பொருத்துங்கள். இரண்டு மூன்று நாள் தட்டு வைத்து மூக்கைப் பாருங்கள். மூக்கு சரியென்றால் பில்லோவைச் சிறியது, நடுத்தரம், பெரியது மூன்று அளவிலும் பல்செட் இல்லாமல் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். சில பெட்டிகளில் மூன்று அளவும் சேர்ந்தே வரும். முதல் சில நாள் மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரைமணி நேரம் போட்டுப் பழகட்டும். பழைய ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஐப்பசி மழையில் சளி பிடித்து மூக்கு இரண்டும் அடைத்துக்கொள்ளும் நாலு நாளைக்கு அதுதான் வேண்டும்.